பச்சை மையில் எழுதிய பதிவு

1

ஏப்ரல் பிறந்தால், நான் உயிரோடு இருக்கிறேன் என்று அரசுக்கு எழுதித் தர வேண்டும். ஓய்வூதியம் வாங்கும் எல்லோருக்கும் உள்ள சடங்குதான். வேலூரில் இருந்தவரை கருவூலத்துக்கு நேரே போய் நின்றால் போதும். அந்த வரிசையில் நின்று முடித்தவன் உயிரோடு இருக்கிறான் என்பதில் யாருக்கும் சந்தேகம் வராது. வெளிநாட்டில் இருப்பவன் படிவத்தில் கையெழுத்திட்டு, நம் தூதரக அதிகாரியின் சான்றொப்பம் வாங்கி அனுப்ப வேண்டும். சான்றொப்பத்துக்கு பாஸ்போர்ட் வேண்டும். என் பாஸ்போர்ட் ஏழு மாதமாக இங்கிலாந்துக் குடியேற்ற அலுவலகத்தில் இருக்கிறது.

மகளோடு நிரந்தரமாகத் தங்க அனுமதி கேட்டு விண்ணப்பித்திருக்கிறேன். முடிவு வரும்வரை பாஸ்போர்ட் அவர்களிடம் இருக்கும். இடையில் திருப்பிக் கேட்கலாம், தருவார்கள். ஆனால் கேட்ட அன்றே விண்ணப்பத்தை நானாகக் கைவிட்டதாக ஆகிவிடும். நாட்டை விட்டும் கிளம்ப வேண்டும். விதி தெளிவாக இருக்கிறது. முப்பத்திரண்டு வருடம் வேலைவாய்ப்பு அலுவலகத்தில் மேசைக்குப் பின்னால் உட்கார்ந்து இப்படிப்பட்ட விதிகளைப் படித்துக் காட்டியவன் நான். எழுதியவரின் கைத்திறனைப் பாராட்டத்தான் தோன்றியது.

ஆகவே இந்த வருடம் நான் உயிரோடு இருப்பது நிலுவையில் உள்ளது.

நார்தாம்ப்டன் என்ற இந்த ஊர் ஒரு காலத்தில் ஷூ செய்து பிழைத்த ஊர். எங்கள் குடியிருப்பே பழைய ஷூ தொழிற்சாலைதான். ஆம்பூர்ப் பக்கத்துத் தோலும் இந்தக் கூடத்தில் வந்து இறங்கியிருக்கலாம். தொழிற்சாலைகளை மூடி, சுவருக்குச் சுண்ணாம்படித்து, வீடுகளாகத் தடுத்து விற்றுவிட்டார்கள். சன்னல்கள் ஆள் உயரம். ஆனால் நான்கு விரற்கடைக்கு மேல் திறக்காதபடி இரும்புத் துண்டு வைத்துத் திருகியிருக்கிறார்கள். பாதுகாப்பாம். அந்த நான்கு விரற்கடையில் மூக்கை வைத்துக்கொண்டு காலையில் டீ குடிக்கிறேன்.

மகள் மெர்சி இங்கே ஆஸ்பத்திரியில் நர்ஸ். மருமகனுக்குக் கடலுக்குள் எண்ணெய் எடுக்கும் இடத்தில் வேலை. மூன்று வாரத்துக்கு ஒருமுறை வந்து தூங்குவார். மெர்சிக்கு இரவுப் பணி இருக்கும் நாட்களில் பேத்தி ஷாரனுக்கு நான் துணை. அதாவது, யார் யாருக்குத் துணை என்பதை ஷாரனிடம் கேட்கக் கூடாது. தமிழில் கேட்டால் அவள் ஆங்கிலத்தில் பதில் சொல்வாள். போன வருடம் வரைக்கும் 'தாத்தா' என்ற சொல்லாவது மிச்சமிருந்தது. இப்போது அதுவும் 'தாட்' என்று தேய்ந்துவிட்டது. பள்ளியில் அவளுக்குச் 'சுற்றுச்சூழல் கண்காணிப்பாளர்' என்று பதவி கொடுத்திருக்கிறார்கள். பச்சை பேட்ஜ் உண்டு. எந்தக் குப்பை எந்தத் தொட்டிக்கு என்று பார்ப்பது வேலை. நான் தேயிலைப் பையைத் தவறான தொட்டியில் போட்டுவிட்டேன் என்று இரண்டு முறை எச்சரிக்கை வாங்கியிருக்கிறேன். மூன்றாவது முறை என்ன ஆகும் என்று கேட்டேன். 'எழுத்து மூலமாகத் தெரிவிப்பேன்' என்றாள். ரத்தம் எங்கே போகும்!

2

உயிர்வாழ் சான்றுப் படிவம் வந்த வாரத்திலேயே பேரணாம்பட்டிலிருந்து ஒரு கடிதமும் வந்தது. அனுப்பியவர் தயாளன். உறைக்குள் தமிழ்ப் பத்திரிகைத் துண்டு ஒன்றை மடித்து வைத்திருந்தார். தலைப்பு, 'பசுமை வேலைகள்: இளைஞர்களுக்குக் காத்திருக்கும் வாய்ப்பு.' இனி மாநிலத்தில் காற்றாலை, கழிவுநீர்ச் சுத்திகரிப்பு, குப்பை மறுசுழற்சி ஆகியவற்றில்தான் வேலை பெருகுமாம். வெள்ளைத் தலைக்கவசத்தோடு ஓர் இளைஞன் குழாய்களுக்கு நடுவில் சிரித்துக்கொண்டிருந்தான். படத்துக்குக் கீழே தயாளன் பேனாவால் எழுதியிருந்தார்: 'சார், இந்த வேலையைத்தான் நான் பன்னிரண்டு வருஷமாகச் செய்கிறேன்.'

எனக்கு அவரை நன்றாக நினைவிருந்தது.

தொண்ணூறுகளின் நடுவில் தோல் பதனிடும் ஆலைகளின் கழிவு பாலாற்றில் கலக்கக் கூடாது என்று நீதிமன்றம் கண்டித்து, ஆலைகள் வரிசையாக மூடப்பட்ட காலம். எங்கள் அலுவலகத்து வாசலில் காலை எட்டு மணிக்கே ஆட்கள் நிற்பார்கள். தோலை ஊறவைத்தவர், சுண்ணாம்பு போட்டவர், மரப் பீப்பாய் போன்ற பெரிய டிரம்மை ஓட்டியவர், எல்லோரும். கிட்டப் போனால் யார் எந்தப் பிரிவு என்று நகத்தைப் பார்த்தே சொல்லிவிடலாம். பெண்கள் வரிசை மட்டும் கம்மி. ஷூ கம்பெனி பஸ்கள் ஊர் ஊராகப் போய் அவர்களை ஏற்றிக்கொண்டிருந்தன. ஒரு வட்டாரத்தின் பிழைப்பு எந்தப் பக்கம் சாய்கிறது என்று தெரிந்துகொள்ள எனக்கு எந்தப் பொருளாதார நிபுணரும் தேவைப்பட்டதில்லை. வாசலைப் பார்த்தால் போதும்.

பிறகு ஆலைகள் சேர்ந்து பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களைக் கட்டத் தொடங்கின. அதில் ஒன்றிலிருந்து ஆள் கேட்டு எங்களுக்குக் கடிதம் வந்தது: 'நிலைய இயக்குநர்கள் (ஆப்பரேட்டர்), ஐந்து பேர்.' இங்கேதான் சிக்கல். வேலைவாய்ப்பு அலுவலகத்தில் ஒவ்வொரு தொழிலுக்கும் ஒரு குறியீட்டு எண் உண்டு. தடித்த புத்தகம். அதில் பாம்பாட்டிக்கு இடம் இருந்தது. கழிவுநீர் நிலையத்தை இயக்குபவனுக்கு இல்லை. அப்படி ஒரு வேலை உலகத்தில் உண்டாகும் என்று புத்தகம் எழுதியவர்களுக்குத் தெரியாது. மேலிடத்துக்கு எழுதிக் கேட்டேன். 'பொருந்தக்கூடிய மிக நெருங்கிய பிரிவில் பதியவும்' என்று பதில் வந்தது. மிக நெருங்கிய பிரிவு, சாக்கடைத் துப்புரவுத் தொழிலாளி.

ஐந்து பேரையும் அதில் பதிந்தேன். நான்கு பேர் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனார்கள். தயாளன் பதிவு அட்டையைப் படித்துவிட்டு நின்றார்.

"சார், நான் டேனரில டிரம் ஆப்பரேட்டர். மோட்டாரு, கெமிக்கலு எல்லாம் தெரியும். சாக்கடைன்னு போட்டிருக்கீங்களே?"

"புத்தகத்துல அதுதான்பா கிட்ட வருது."

"பம்ப் ஆப்பரேட்டர்னு இருக்குதே சார்."

"அதுக்கு ஐ.டி.ஐ. சர்டிபிகேட் வேணும். இருக்குதா?"

"பதினாலு வருஷ சர்வீஸ் இருக்குது."

"நான் சர்டிபிகேட்டைக் கேட்டேன்."

அவர் குரலை உயர்த்தவில்லை. "எங்கப்பா செத்த மாட்டைத் தூக்கினவரு சார். அந்தப் பேரு தன்னோட போவட்டும்னு என்னை எஸ்.எஸ்.எல்.சி. வரைக்கும் படிக்க வெச்சாரு. நான் மேல ஏறி டிரம்முக்கு வந்தேன். நீங்க திரும்பக் கீழ எறக்கி வுட்றீங்க."

"பேர்ல இன்னாப்பா இருக்குது? வேலை வேணுமா, வேணாமா?"

"வேணும் சார்."

கையெழுத்துப் போட்டார். நானும் போட்டேன், பச்சை மையில். அரசிதழ்ப் பதிவு பெற்ற அதிகாரிகளுக்கு மட்டுமே உரிய நிறம் அது. அந்த நாளில் எங்கள் ஊரில் 'பசுமை' என்று யாராவது சொன்னால் எனக்கு என் பேனாதான் நினைவுக்கு வரும். அந்தப் பேனாவுக்கு ஓர் அதிகாரமும் இருந்தது: சான்றிதழ் இல்லாவிட்டாலும் அனுபவத்தைக் கருதி விதியைத் தளர்த்தி, பம்ப் ஆப்பரேட்டர் என்று பதியலாம். விதி எண் எனக்கு மனப்பாடம். தளர்த்தினால் அடுத்த தணிக்கையில் ஏன் என்று ஒரு கேள்வி வரும்; அதற்கு நான் விளக்கம் எழுத வேண்டும். அதுவரை என் மீது ஒரு தணிக்கைக் குறிப்புகூட இல்லை. அதைக் கெடுத்துக்கொள்ள எனக்கு மனமில்லை. உண்மைக் காரணம் அவ்வளவுதான்.

அந்த மாத அறிக்கையில் 'துப்புரவுப் பிரிவில் வேலைவாய்ப்பு கூடுகிறது' என்று ஒரு வரி எழுதி அனுப்பினேன். ஆய்வுக் கூட்டத்தில் ஒரு மேலதிகாரி, "உங்க ஜில்லா அவ்வளவு அழுக்கா?" என்று கேட்டார். எல்லோரும் சிரித்தோம். அழுக்கைக் கழுவ முதல்முறையாக ஆள் வைத்திருக்கிறார்கள் என்று சொல்லத் தோன்றவில்லை. அதற்கான பத்தி அறிக்கையில் இல்லை.

3

கடிதத்தில் தொலைபேசி எண் இருந்தது. கூப்பிட்டேன்.

"சார், நல்லா கீறீங்களா? அங்க குளிரு ஜாஸ்தியா?"

"இருக்குது. விஷயத்தைச் சொல்லுப்பா."

விஷயம் இது. ஒரு சொட்டுக் கழிவுகூட வெளியே போகாத புதிய நிலையம் பக்கத்தில் வருகிறது. மேற்பார்வையாளர் பதவிக்கு, பதிவேட்டின்படி பத்து வருடம் இயக்குநராக இருந்திருக்க வேண்டும். வேலை தெரிந்தவர் தயாளன்தான் என்று அங்குள்ள இன்ஜினியர்களே சொல்கிறார்கள். பதிவேடு மட்டும் அவரைச் சாக்கடைத் தொழிலாளி என்கிறது. நிலையத்தில் அவருடைய பணிப்புத்தகம் என் அட்டையைப் பார்த்துத்தான் எழுதப்பட்டது. பன்னிரண்டு வருடமாக மோட்டார்களை இயக்கும் பேனலையும் ஓட்டியிருக்கிறார். பதவிப் பெயரைக் காட்டிக் கசடுத் தொட்டியிலும் இறக்கியிருக்கிறார்கள்.

"மேற்பார்வைன்னா தொட்டில எறங்க வேணாம் சார். போன மாசம் எறங்கினப்ப தலை சுத்திச்சி. கயிறு போட்டு இழுத்தாங்க. டாக்டரு இனிமே எறங்காதேன்றாரு. எறங்கலைன்னா கான்ட்ராக்டரு வேலைக்கே வராதேன்றான். பீடி சுத்தி எம் பொண்டாட்டியால எத்தினி நாளு இழுக்க முடியும்? ஒரே பேஜாரு."

"எப்ப வரைக்கும் டைம்?"

"அடுத்த மாசக் கடைசி. ஆபீஸ்ல கேட்டேன். எழுதின ஆபீசரே தப்புன்னு எழுதிக் குடுத்தா மாத்தலாம்ன்றாங்க."

அந்த அலுவலகத்தில் இப்போது அதிகாரியாக இருப்பவர் குமரவேல். என்னிடம் இளநிலை உதவியாளராகச் சேர்ந்து வேலை பழகியவர். அவரைக் கூப்பிட்டு, "குமரவேல், நான் வாயால சொல்றேன், அது என் தப்பு. மாத்திடுப்பா" என்றேன்.

"சார், உங்க குரல் எனக்குத் தெரியாதா? ஆனா எழுத்து மூலமா வேணும். தூதரகச் சான்றொப்பத்தோட. இல்லைன்னா நீங்களே நேர்ல ஆஜராகணும்."

"இவ்வளவு கறாரா யாருப்பா உனக்குச் சொல்லிக் கொடுத்தது?"

"நீங்கதான் சார்."

மறுமுனையில் அவர் சிரிக்கவில்லை. மரியாதைக்காகத்தான் சிரிக்கவில்லை என்று நினைக்கிறேன்.

4

தூதரகம் வேண்டாம், இந்த நாட்டு நோட்டரியிடம் சான்றொப்பம் வாங்கினால் ஏற்பீர்களா என்று கேட்டதற்குக் குமரவேல் விதியைப் புரட்டிப் பார்த்து, ஏற்கலாம் என்றார். அவ்வளவு சந்தோஷமாக நான் நடந்து கடைத்தெருவுக்குப் போனதில்லை. முதலில் கண்ணில் பட்ட வக்கீல் அலுவலகத்தில் நுழைந்து, பழக்க தோஷத்தில், "கெஜட்டட் ஆபீசர் இருக்கிறாரா?" என்று கேட்டுவிட்டேன். வரவேற்பில் இருந்த பெண் யோசித்து, 'கெஜட்' என்ற உள்ளூர்ப் பத்திரிகையின் அலுவலகம் இரண்டு தெரு தள்ளி இருப்பதாக அன்போடு வழி சொன்னாள். அங்கே கதவு வரை போய் நின்றுவிட்டுத் திரும்பி வந்தேன்.

இரண்டாம் முறை சரியாகக் கேட்டேன். நோட்டரி நல்ல மனிதர். பாஸ்போர்ட் கேட்டார். இல்லை என்றேன். ஓட்டுநர் உரிமம்? ஓட்டத் தெரியாது. என் பெயருக்கு வந்த மின்சாரக் கட்டணச் சீட்டு, தண்ணீர்ச் சீட்டு ஏதாவது? எல்லாம் மகள் பெயரில். வங்கிக் கணக்கு? அதுவும் மகளோடுதான், அதற்கும் பாஸ்போர்ட்டைத்தான் காட்டினோம். குடியேற்ற அலுவலகம் பாஸ்போர்ட்டைப் பெற்றுக்கொண்டதற்குத் தந்த கடிதத்தை நீட்டினேன். அதைப் படித்துவிட்டு மெல்லச் சொன்னார்: "ஐயா, இது உங்கள் பாஸ்போர்ட் அவர்களிடம் இருக்கிறது என்பதற்குச் சான்று. நீங்கள் நீங்கள்தான் என்பதற்குச் சான்று இல்லை."

கணியம்பாடிப் பக்கத்திலிருந்து ரேஷன் அட்டை இல்லாமல் வந்த ஒருவரிடம் நான் இதையேதான் சொல்லியிருக்கிறேன், கிட்டத்தட்ட இதே சொற்களில். அவர் வெயிலில் வெகு நேரம் நின்றுவிட்டுப் போனார். இங்கே வெயில் இல்லை, அது ஒன்றுதான் வித்தியாசம்.

வீட்டுக்கு வந்து சன்னலருகே உட்கார்ந்தேன். இங்கே வருவதற்காக வேலூர் வீட்டை விற்றாயிற்று. மனைவி போய் நான்கு வருடம். விண்ணப்பத்தைக் கைவிட்டால் ஊருக்குப் போய் முதலிலிருந்து விண்ணப்பிக்க வேண்டும். அப்போது, உள்ளூரில் என்னைக் கவனிக்க ஆள் யாருமில்லை என்று மறுபடியும் நிரூபிக்க வேண்டும். ஒருமுறை நிரூபித்ததே போதும் போலிருந்தது.

5

மறுநாள் மாலை, பாஸ்போர்ட்டைத் திருப்பிக் கேட்கும் கடிதத்தை எழுதி உறையில் போட்டு மேசையில் வைத்திருந்தேன். மெர்சி பணிக்குக் கிளம்பும்போது பார்த்துவிட்டாள்.

"அப்பா, இதை அனுப்பினா இன்னா ஆவும்னு தெரியும் இல்ல?"

"விதி தெரியும்."

"விதியைக் கேக்கலை. நைட் ட்யூட்டிக்கு நான் போனா ஷாரனை யாரு பாத்துக்கறது? நீங்க எங்க போய்த் தங்குவீங்க? யாரோ ஒரு ஆளுக்காகவா?"

"யாரோ இல்லைம்மா. நான் எழுதின எழுத்து."

தயாளன் கதையைச் சொன்னேன். தணிக்கைக்குப் பயந்ததையும் சேர்த்துத்தான். கோட்டைப் போட்டுக்கொண்டே கேட்டவள், ஒரு கை மட்டும் நுழைந்த நிலையில் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள்.

"எனக்கு இங்க முதல்ல இன்னா வேலை குடுத்தாங்க, தெரியுமா?"

"நர்ஸ் வேலை."

"அப்படின்னு உங்களுக்கு லெட்டர் போட்டேன். வேலூர்ல பதினோரு வருஷம் சிஸ்டரா வார்டையே நடத்தினேன். இங்க அந்த சர்வீஸ் கணக்குல வராதுன்னுட்டாங்க. எட்டு மாசம் முதியோர் இல்லத்துல கழுவித் துடைக்கிற வேலை. ஒரு நாள் ஒரு பெரியவருக்கு மூச்சு அடைக்குது. இன்னா பண்ணணும்னு எனக்குத் தெரியுது. ஆனா என் பேட்ஜ்ல எழுதியிருக்கிற வேலைக்கு நான் கை வெக்கக் கூடாது. காரிடார் பூரா ஓடிப் போய் நர்ஸைக் கூட்டிட்டு வந்தேன். என்னைவிடச் சின்னப் பொண்ணு."

"பிழைச்சாரா?"

"பிழைச்சார். அதனாலதான் இன்னிக்கு இதைச் சொல்ல முடியுது."

"எங்கிட்ட ஏம்மா சொல்லலை?"

"சொன்னா, 'ரூல் கரெக்டாத்தானே இருக்குது'ம்பீங்க."

சொல்லியிருப்பேன். மறுக்க ஒன்றுமில்லை.

எழுந்து மற்றக் கையையும் கோட்டில் நுழைத்தாள். உறையை எடுத்துப் பைக்குள் வைத்தாள். "ஷாரனுக்கு நான் எதாவது ஏற்பாடு பண்ணிக்கறேன். இதுக்கு உங்களை விட்டா ஆளே இல்லையே" என்று சொல்லிவிட்டுப் போனாள். தபால் பெட்டி தெருமுனையில். நான்கு விரற்கடையில் எட்டிப் பார்த்தேன். பெட்டி அங்கிருந்து தெரியாது.

6

பாஸ்போர்ட் பதினேழு நாளில் வந்தது. கூடவே, எந்தத் தேதிக்குள் நான் கிளம்ப வேண்டும் என்ற கடிதமும். நான் எழுதியிருந்தாலும் அந்தக் கடிதத்தை அப்படித்தான் எழுதியிருப்பேன், ஒரு சொல் கூடாமல் குறையாமல்.

பர்மிங்ஹாமில் உள்ள நம் துணைத் தூதரகத்துக்குப் போகும் முன் குமரவேலிடம் வாசகத்தைப் படித்துக் காட்டினேன். 'விதித் தளர்வுக்கு அதிகாரம் இருந்தும், தணிக்கைக்கு அஞ்சி, தெரிந்தே இவரைத் தவறான பிரிவில் பதிந்தேன்' என்று எழுதியிருந்தேன்.

"சார், தெரிந்தேன்னு போட்டா என்னால திருத்த முடியாது. ஃபைல் சென்னைக்குப் போய்டும், விசாரணை ஆரம்பிச்சிடும். மாசக் கடைசியைத் தாண்டிடும். எழுத்தர் பிழையை மட்டும்தான் நான் இங்கேயே திருத்தலாம். 'கவனக்குறைவால்'னு போடுங்க."

"அது பொய்யாச்சே."

"அவருக்கு வேலை வேணுமா, வேணாமா சார்?"

என்னுடைய கேள்வி எனக்கே திரும்பி வந்தது. குமரவேலுக்கு அது தெரிந்திருக்க வாய்ப்பில்லை. தயாளனைப் பதிந்த அன்று அவர் விடுப்பில் இருந்தார்.

'கவனக்குறைவால்' என்று மாற்றினேன். அதற்குக் கீழே கையெழுத்திட்டேன், நீல மையில். ஓய்வு பெற்றவனுக்குப் பச்சை கிடையாது. வரிசையில் நின்ற நேரத்தில் உயிர்வாழ் சான்றையும் நீட்டினேன். ஒரே முத்திரைப் பெட்டியிலிருந்து இரண்டுக்கும் குத்தினார்கள். என் முப்பத்திரண்டு வருடப் பணியில் கவனக்குறைவு என்ற குற்றத்தை மட்டும் யாரும் என் மீது சுமத்தியதில்லை. செய்யாத அந்தத் தவற்றை இப்போது நானே ஒப்புக்கொண்டுவிட்டேன். செய்த தவறு எந்தக் காகிதத்திலும் இல்லை, இனி வரவும் வராது.

மாதம் முடிய இரண்டு நாள் இருக்கும்போது தயாளன் கூப்பிட்டார்.

"சார், மாத்திட்டாங்க. ஆப்பரேட்டர்னு அன்னித் தேதிலேர்ந்து போட்டுக் குடுத்துட்டாங்க. ஒண்ணாந்தேதி சேரச் சொல்லிட்டாங்க."

"தொட்டி?"

"இனிமே எறங்க மாட்டேன் சார். எறங்கறவனை முகமூடி இல்லாம விடவும் மாட்டேன்."

பின்னால் பேரணாம்பட்டு பஸ் ஹாரன் கேட்டது. அது அடங்கியதும் கேட்டேன்.

"தயாளன், அதுல நான் எழுதியிருக்கிற காரணத்தைப் படிச்சியா?"

"படிச்சேன் சார். கவனக்குறைவுன்னு இருக்குது."

"அது வந்து..."

"விடுங்க சார். எதிர்ல நின்னவன் நான்தானே. நீங்க புத்தகத்தை ரெண்டு தடவை பாத்துட்டுத்தான் எழுதினீங்க." குரலில் கோபம் இல்லை. நேற்று நடந்ததைச் சொல்வது போலத்தான் சொன்னார். "எப்ப வர்றீங்க?"

தேதியைச் சொன்னேன்.

"எங்க தங்குவீங்க?"

அதற்கு அந்தத் தடித்த புத்தகத்திலும் பிரிவு இல்லை.